தீழிமூ

நேரில் என்றால் எனக்கு வாய் வராது. என் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடிப் பழைய கதை பேசினால், நான் ஒரு ஓரமாகக் குந்திக் கேட்டுக்கொண்டிருப்பேன். எல்லாரும் எழுந்து போன பிறகுதான் நான் சொல்ல நினைத்தது நெஞ்சில் வந்து நிற்கும். அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை. பிழை இருந்தால் மருமகள் திருத்திவிடுவாள். ழகரம் வருகிற இடத்தில் மட்டும் அவளுக்கு வேலை இருக்காது. பேச்சில் எனக்குப் போன மாதம் வரைக்கும் கோழி என்பது கோயிதான், எழுத்தில் தவறாது. அதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, ராயபுரத்தில் ஒரு சன்னலுக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். அந்தச் சன்னலைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஞாபகம் வந்ததற்குக் காரணம் மருமகள். விம்கோ நகரில் எங்கள் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு மத்தியானம் அவள் பெட்டியின் முன் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். படமும் இல்லை, பாட்டும் இல்லை. கறுப்புத் திரையில் வெறும் வெள்ளை எழுத்து. "நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய். இடப்பக்கம் போகிறாயா, வலப்பக்கம் போகிறாயா?" அவள் பதில் தட்டினால் அடுத்த வரி வருகிறது.

"இன்னாமா பேஜாரு?" என்று கேட்டேன்.

"ஆட்டம் சேவ் ஆகுது அத்தை. லோட் பண்ணா ஆளு அதே எடத்துல வந்து நிக்கிறான். கையில வெச்சிருந்த சாமான் மட்டும் மாறிப்போகுது."

"சேவுன்னா?"

"பாதியில எழுந்து போறோம்ல. அப்போ எங்க நின்னோம், கையில என்ன இருந்துது, எத்தனை உசுரு மிச்சம்னு பத்திரமா எடுத்து வெக்கிறது. மறுநாள் வந்து அதைக் குடுத்தா, விட்ட எடத்துலேர்ந்து ஆட்டம் கிளம்பும். அது லோட்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோயி கயிறா மாறிப்பூட்சா?" என்றேன்.

அவள் நாற்காலியோடு திரும்பிவிட்டாள். "எந்தக் கோழி அத்தை?"

அவளுக்குச் சொன்னதை இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் குப்பம் கடலை ஒட்டி இருந்தது. ஓலைக் குடிசைகள், வரிசை வரிசையாக. அதைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே போனால் கயிற்றுக்கடைக்காரர் வீடு. கீழே கடை, பின்கட்டில் குடித்தனம். சந்துப் பக்கம் ஒரு பச்சைச் சன்னல். கதவு பச்சை, கம்பி துரு. துறைமுகத்துக் கரித்தூள் அதன் விளிம்பில் எப்போதும் படிந்திருக்கும், விரலால் கோடு போடலாம். சன்னலுக்குக் கீழே தேய்ந்துபோன கப்பல் கயிறுகளைப் பாம்பு மாதிரி சுருட்டிப் போட்டிருப்பார்கள். அதுதான் எங்களுக்கு நாற்காலி. உப்பும் தாரும் சேர்ந்த வாசனை. எழுந்து போகும்போது பாவாடையின் பின்பக்கம் வட்ட வட்டமாக அச்சு விழுந்திருக்கும். என் அம்மா பார்த்துவிட்டு, "தோ பாரு, கயித்துக்கடை முத்திரை குத்திக்கினு வந்துட்டா" என்பாள்.

சன்னலுக்கு உள்ளே அக்கா. கடைக்காரரின் மூத்த மகள். அந்த வருசம் அவளுக்கு நிக்காஹ் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. மழையில் மாடிக்குத் துணி எடுக்க ஓடியவள் படி வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. நிக்காஹ் தள்ளிப்போனது. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவளுக்கு அந்தச் சன்னல்தான் உலகம். அவளுக்குப் பொழுது போகவில்லை; எங்களுக்கோ பள்ளிக்கூடம் விட்டால் பொழுதே பொழுது.

முதல் நாள் அவள்தான் கூப்பிட்டாள். "ஏய், இங்க வாங்க. ஒரு ஆட்டம் கீது. பந்து வேணாம், கல்லு வேணாம். வாய் மட்டும் போதும்."

வாய் மட்டும் போதும் என்றதுமே நான் என் மாமன் மகனின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். எனக்குத்தான் அது கிடையாதே.

ஆட்டம் இதுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "நீ கரையில நிக்கிற. ஒரு பக்கம் கட்டுமரம், ஒரு பக்கம் மணல்மேடு. எங்க போற?" ஒவ்வொருத்தராகப் பதில் சொல்ல வேண்டும். சொன்னபடி கடல் விரியும். மணல்மேடு, சுறா வருகிற ஓடை, பேசுகிற பாறை, கடைசியில் யாருமே பார்க்காத ஒரு தீவு. எல்லாருக்கும் மூன்று உயிர். கையில் ஒரே ஒரு சாமான் வைத்துக்கொள்ளலாம். முதலில் எல்லாருக்கும் கயிறுதான் தருவாள், கயிற்றுக்கடை வீட்டுப் பெண் அல்லவா. பிறகு வேறு சாமான் கண்டால் மாற்றிக்கொள்ளலாம்.

கடல் எங்கள் வாசல். அவளோ அதை மொட்டை மாடியிலிருந்து பார்த்ததோடு சரி. மாமன் மகன் சும்மா இருப்பானா? அவன் அப்பா கட்டுமரம் ஓட்டுகிறவர்.

"அக்கா, வாடைக் காத்துல கட்டுமரம் அப்பிடித் திரும்பாதுக்கா."

"என் கடல்ல திரும்பும். புடிச்சா ஏறு, இல்லாட்டி எறங்கி நடந்து வா."

"கடல்ல எப்பிடிக்கா நடக்கிறது?"

"அப்ப ஏறு."

இன்னொரு சட்டமும் உண்டு. எந்தச் சாமானைப் பயன்படுத்தினாலும் அதற்கான சத்தத்தை வாயால் கொடுக்க வேண்டும். "சத்தம் குடுத்தாத்தான் சாமான் வேலை செய்யும்" என்பாள். துடுப்புப் போட்டால் தண்ணீர்ச் சத்தம், சங்கு கிடைத்தால் ஊத வேண்டும், நாய் கிடைத்தால் குரைக்க வேண்டும். மாமன் மகன் நாயை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் குரைத்தான். அக்காவின் உம்மா அடுப்படியிலிருந்து, "அந்த நாயைத் தொரத்துடி" என்று நிஜமாகவே கத்தினார்கள்.

நான் சத்தம் இல்லாத சாமானாகப் பார்த்துப் பொறுக்கினேன். விளக்கு, ஊசி, உப்புக் கல். என் முறை வந்தால் கயிற்றுச் சுருளின் மேல் ஏறி நின்று, கம்பிக்கு நடுவே அக்காவின் காதில் சொல்வேன். அதுவும் ஒற்றைச் சொல். அல்லது தலையாட்டல். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னை மந்தம் என்று முடிவுகட்டிக் கடைசி வரிசையில் போட்டிருந்தார். அம்மா எனக்கு நாக்கு தடிப்பு என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். மாமன் மகன் வைத்த பெயர் ஊமக்கோட்டான். அக்கா மட்டும், "காதுல சொன்னாலும் சொன்னதுதான்டா. நீ தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லி ரெண்டு தபா செத்த, அவ ஒரு தபாகூட சாவல" என்றாள். அன்று இரவு நான் சோற்றை இரண்டு முறை வாங்கித் தின்றேன்.

மணல்மேட்டில் ஒரு சேவல்கோழி தனியாக நிற்கும். அதைப் பிடித்து ஆக்கித் தின்றால் ஓர் உயிர் கூடும். எல்லாரும் தின்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கோழியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"கூவ வெப்பியா?" அக்கா கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஆக்குவியா?"

அதற்கும் இல்லை.

"அப்ப சும்மா தூக்கினு போறியா?"

ஆமாம்.

"சரி, தூக்கினு போ. அதுக்கும் ஊரு பாத்தாப்புல ஆவட்டும்."

சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் சங்கு ஊதும். சங்கு கேட்டால் அக்காவின் அத்தா கடையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். சன்னல் மூடியாக வேண்டும். ஆட்டம் பாதியில் நிற்கும். மறுநாள் வந்தால், நான் பாறைக்குப் போய்விட்டேன், இல்லை நீ ஓடையில் செத்தாய் என்று எங்களுக்குள் அடிதடி. அக்காவுக்கும் எல்லாருடைய கணக்கும் மண்டையில் நிற்கவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"இனிமே அவங்கவங்க எடத்தை அவங்கவங்களே வூட்டுக்குத் தூக்கினு போங்க" என்றாள்.

அதற்குப் பெயர் சொல் வாங்குவது. சங்கு ஊதியதும் ஒவ்வொருத்தர் காதிலும் மூன்றெழுத்தில் ஒரு சொல் சொல்வாள். முதல் எழுத்து நிற்கிற இடம். நடு எழுத்து கையில் இருக்கிற சாமான், அதன் இரண்டாம் எழுத்து. கடைசி எழுத்து மிச்சம் இருக்கிற உயிர். மணல்மேட்டில், கோழியோடு, ரெண்டு உயிர் என்றால் ம, ழி, ரெ. மழிரெ. கயிறு என்றால் நடுவில் யி. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது. அப்படியே மென்று முழுங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், தூங்கி எழுந்து, மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விட்ட இடத்தில் ஆட்டம் தொடங்கும். மறந்தால் மறுபடி கரை. தன் சொல்லை வேறு யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டால் சொல் செத்துப்போகும், அதற்கும் கரைதான்.

மருமகளே, உன் பெட்டி செய்வதை நாங்கள் தொண்டையில் வைத்துக்கொண்டு செய்தோம்.

ஆனால் எங்கள் குப்பத்தில் ஒரு சங்கடம் இருந்தது. அங்கே யாருக்கும் ழகரம் வராது. வாயப்பயம், மயை, கியவி, கோயி. அக்கா அரபு ஓதி வளர்ந்த நாக்கு. எழுத்துக்கு எழுத்து இடம் பார்த்து வைக்கும். எங்களுக்கு அதெல்லாம் ஒரே இடம்தான்.

முதல் அடி மாமன் மகனுக்கு. அவனும் ஒரு நாள் கோழியை உடனே தின்னாமல், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மழிரெ வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் வந்து சன்னலுக்கு நேரே நின்று நெஞ்சை நிமிர்த்தி அதைத் திருப்பிக் கொடுத்தான். அவன் வாயில் அது எப்படி வந்திருக்கும் என்று நீங்களே ழகரத்தை யகரமாக்கிச் சொல்லிப் பாருங்கள். எனக்கு எழுதக் கூசுகிறது.

உள்ளேயிருந்து உம்மா, "யாருடி அவன், சன்னலாண்ட வந்து நம்மள ஏசுறவன்?" என்று கரண்டியோடு வந்துவிட்டார்கள்.

அக்கா சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைத் தட்டினாள். சிரிப்பு நின்ற பிறகு கண்ணை மூடினாள். "மணல்மேட்டுல கீற. கையில கயிறு. ரெண்டு உசுரு."

"ஐய, கயிறு இல்லக்கா! கோயி!"

"நீ குடுத்த சொல்லுல கயிறுதான் கீது."

"ஆக்கித் துன்லாம்னு வெச்சிக்கினு இருந்தேங்க்கா! ராத்திரி பூரா அதே நெனப்பு!"

"கயித்த ஆக்கித் துன்னு."

அன்றைக்கே எங்களுக்கெல்லாம் ழகரப் பாடம் நடந்தது. "நாக்கை மேல மடி. இன்னும் உள்ள. தொடாத. தொட்டா கெட்டுச்சு." எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு, மீன் செதில் அடைத்த மாதிரி ழ, ழ என்று உட்கார்ந்திருந்தோம். நான் கடற்கரைக்குப் போய் நண்டு வளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் பழகினேன். நண்டுகள் வெட்கப்படவில்லை, எனக்கும் வெட்கம் வரவில்லை.

எழுத்துகளின் மர்மம் பிடிபட்டதும் மாமன் மகன் கள்ளச் சொல் செய்யத் தொடங்கினான். ஒரு நாள் வந்து, "தீழிப" என்றான். தீவில், கோழியோடு, பத்து உயிர்.

"பத்து உசுரு பூனைக்குக்கூட கெடையாதுடா. போ கரைக்கு" என்றாள் அக்கா.

இப்படியே மழைக்காலம் போய் மூக்கில் உப்புக் காற்று ஏறுகிற நாள் வந்தது. அடுத்த வாரம் அக்காவுக்குக் கட்டுப் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. பிரித்ததும் நிக்காஹ், அப்படியே நாகூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் தீவைத் தொடவில்லை. அக்கா போய்விட்டால் அந்தக் கடலும் அவளோடு போய்விடும் என்பது எனக்கு மட்டும்தான் உறைத்த மாதிரி இருந்தது. அவள் போவதற்குள் என் கோழியைத் தீவில் இறக்கிவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் போய்ச் சேர்ந்துவிட்டேன். மூன்று உயிரும் அப்படியே இருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தீவுல கால் வெச்சிட்ட. ஆனா இங்க விடியறதே கெடையாது. எப்பவும் கும்மிருட்டு. கரை எந்தப் பக்கம்னு தெரியல. கையில இன்னா கீது?"

கையில் கோழி. கோழி கூவினால் விடியும். எல்லாரும் தின்றுவிட்ட கோழி. ஆனால் சத்தம் கொடுத்தால்தானே சாமான் வேலை செய்யும்! இத்தனை பிள்ளைகள் நடுவே, தெருவில், நான் கூவ வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

"நாளைக்கு வா" என்று அக்கா என் காதில் சொல்லைப் போட்டாள். "தீழிமூ."

வீடு வரைக்கும் அதை உதட்டிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். தீழிமூ, தீழிமூ. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைத் தண்ணீர் எடுத்து ஊற்றச் சொன்னாள். ஊற்றிக்கொண்டே சொன்னேன், கூட்டிக்கொண்டே சொன்னேன், அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்கு களைத்துப்போய்த் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது. வாய் கொஞ்சம் பெரிதாகவே முணுமுணுத்திருக்க வேண்டும்.

"இன்னாடி சொல்ற?" அம்மா கையில் மீனோடு நிமிர்ந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தீயி மூ... தீயி மூளுமா? எங்கடி? எங்க மூளும்?"

முந்தின கோடையில்தான் கடைசி வரிசைக் குடிசைகள் எரிந்திருந்தன. ஒரு பொறி போதும் எங்களுக்கு. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "பேசாத புள்ள வாயத் தொறந்து தீயின்னா சும்மாவா? எந்த ஆத்தா வந்து சொல்றாளோ!" அடுத்த வீட்டுக்கு அது போகும்போது, இன்றைக்கே மூளும் என்று ஆகிவிட்டது. அதற்கு அடுத்த வீட்டில், வடக்கு வரிசையில் மூளும் என்று இடமும் சொல்லிவிட்டார்கள்.

குப்பம் முழுக்க அடுப்புகளில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆண்கள் கடலிலிருந்து வாளி வாளியாக மொண்டு ஓலைக்கூரை எல்லாம் நனைத்தார்கள். வலைகளைத் தூக்கி மணலில் போட்டார்கள். தகரப்பெட்டி, உரல், பாய், சாமி படம் எல்லாம் வெளியே. ஒரு கிழவர் தன் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, "வரட்டும், பாத்துக்கலாம்" என்று பீடி பற்றவைத்தார். நாலு பேர் பாய்ந்து பிடுங்கிக் கடலில் எறிந்தார்கள்.

என்னை நடுவில் நிறுத்தி ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். "சொல்லுடா கண்ணு, எந்தப் பக்கம்?" எனக்கு அழுகை முட்டியது. சொன்னால் சொல் செத்துப்போகும். கோழி போய்விடும். மறுபடி கரையிலிருந்து தொடங்க நாள் இல்லை.

மாமன் மகன் கூட்டத்தில் நுழைந்து என் காதுக்கருகே வந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. "ஐய, தீவுக்குப் பூட்டியா நீ? மூணு உசுரோடியா? கையில கோயியா, கயிறாடி?" எரிகிற வயிற்றோடு அவன் கேட்டது அதுதான். பெரியவர்களிடம் அவனும் மூச்சு விடவில்லை. உதை அவனுக்கும் விழும்.

அந்தி நேரத்தில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஓதி ஊதிவிடுவார்கள். எங்கள் குப்பத்தில் எந்தப் பிள்ளை பயந்தாலும் அங்கேதான். வழியில் கயிற்றுக்கடை வீடு. உம்மா வாசலில் நின்றிருந்தார்கள்.

"எம்மோவ், எம்பொண்ணப் பாருங்களேன். வாயே தொறக்காதது, தீயி மூ, தீயி மூன்னு பெனாத்திக்கினு கீது. சாமான்லாம் வெளிய போட்டுக்கினு குப்பமே குந்திக்கினு கீது."

சாத்தியிருந்த பச்சைச் சன்னலுக்கு உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. கதவு திறந்தது.

"சின்னம்மா, அது தீ இல்ல. தீவு!"

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். தீவு, கோழி, மூணு உசுரு. உம்மா தலையில் அடித்துக்கொண்டார்கள். "பச்சப்புள்ளைங்க மண்டையில இன்னாத்தடி ஏத்தி வெச்சிக்கீற? கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இனி இந்தச் சன்னல் தொறக்கக் கூடாது!"

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒரு கோயிக்கோசரமாடி நான் ஒலை வெச்ச அடுப்புல தண்ணிய ஊத்தினேன்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் எங்கள் கப்பல் கயிற்றுச் சுருளின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். உம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அம்மாவின் புடவையிலும் அன்று முத்திரை விழுந்தது.

இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று அம்மாவை நடுங்க வைத்தது தீ இல்லை. பெற்ற மகளின் குரலை அவ்வளவு நேரம் அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. என்ன சொன்னாலும் நடுங்கியிருப்பாள்.

எனக்கோ அழுகை நிற்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறி அக்காவின் காதில் சொன்னேன். "சொல்லு செத்துப்பூட்ச்சிக்கா. எல்லாருக்கும் தெரிஞ்சிப்பூட்ச்சி."

"யாருக்குத் தெரிஞ்சுது? குப்பத்து வாயில கீறது தீயிமூ. அதுல கோழி ஏது? கயிறு. நீ ஒருத்திகிட்டயும் சொல்லல. உன் சொல்லு உசுரோடதான் கீது. வெச்சிக்கோ."

சன்னல் மூடியது. கட்டுப் பிரித்தார்கள், நிக்காஹ் நடந்தது. எங்களுக்கு வாசலில் நின்று பிரியாணி. வண்டியில் ஏறும்போது அக்கா துப்பட்டாவை விலக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். "பத்திரமா வெச்சிக்கோ. வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். யாரோ நகையைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

குப்பத்தில் எனக்கு அதற்குப் பிறகு தீயிமூ என்றே பெயர். கல்யாணமாகித் திருவொற்றியூர் வரும் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நல்ல பெயர்தான். ஊமக்கோட்டானுக்கு அது எவ்வளவோ தேவலை.

சொல்லை வைத்துக்கொண்டேன். நாக்கு பழைய வீட்டுக்குப் போய்விடாமல் நடுநடுவே எடுத்துத் துடைத்து வைப்பேன். மகனைப் பெறும்போது ஆஸ்பத்திரியில் எல்லாரும் கத்தினார்கள். எனக்குக் கத்த வரவில்லை, தீழிமூ தீழிமூ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நர்சம்மா, "உங்க குலசாமியாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். ராயபுரத்துப் பக்கம் போனபோதெல்லாம் அந்தச் சந்தைப் பார்ப்பேன். ஒரு தடவை சன்னல் இருந்தது. அடுத்த தடவை அங்கே ஷட்டர் போட்டிருந்தார்கள். கப்பல் கயிறு எல்லாம் நைலானாகிவிட்டது, அதில் உட்கார்ந்தால் வழுக்கும்.

போன மாதம் மருமகளிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நிக்காஹ், தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தில். பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கயிற்றுக்கடை வீட்டுப் பேத்தி. பெண்கள் பக்கம் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நாற்காலியில், கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் அம்மாள். முடி எல்லாம் பஞ்சு. கண்ணை மூடிக்கொண்டு யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருமகளிடம் காட்டினேன். அவள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போங்க அத்தை. குடுங்க."

போய் நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா?" அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

குனிந்து அவள் காதில் சொன்னேன். "தீழிமூ."

வெற்றிலை மென்ற வாய் நின்றது. கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியே கண்ணை மூடினாள்.

"கயிறா?" என்று கேட்டாள்.

"கோழி" என்றேன். அந்தச் சொல்லை விட்டால், என் வாயால் பேச்சில் சொன்ன முதல் ழகரம்.

"தீவுல கீற. மூணு உசுரும் அப்பிடியே கீது." குரல் தாழ்ந்தது. "இங்க விடியறதே கெடையாது. கும்மிருட்டு. கரை எந்தப் பக்கம்னு தெரியல. இன்னா பண்ணப் போற?"

சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பெண்கள், தட்டுகள், குழந்தைகள். "இங்கியாக்கா?"

"சத்தம் குடுத்தாத்தான் சாமான் வேலை செய்யும்."

வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம், இத்தனை வருசமும் அது எங்கே குந்தியிருந்ததோ, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது.

"கொக்கரக்கோ!"

பரிமாறுகிற கரண்டிகள் நின்றன. ஒரு குழந்தை கைதட்டியது. மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர்.

அக்கா காதுக்குக் கையைக் குவித்தாள். "தீவு பெருசு. பத்தாது."

இன்னொரு முறை கூவினேன். மண்டபத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "விடிஞ்சிடுச்சு" என்றாள். "தோ, கரை தெரியுது. திரும்பிப் போறியா, இல்ல இன்னும் கொஞ்ச தூரம் போவலாமா?"

"போவலாம்க்கா" என்றேன். காதில் இல்லை, நிமிர்ந்து நின்றுகொண்டு.